மான் தேடி வந்தவன்

'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேடனாக வேடம் மாற்றிக்கொண்டு வரும் முருகன், தினைப்புனத்தில் நிற்கும் பெண்ணிடம் ஒரு மானைத் தேடி வந்ததாகச் சொல்கிறான். பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான் என்று முதலில் தோன்றும். ஆனால் அவள் யார்? மான் வயிற்றில் பிறந்தவள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, வேடர் தலைவன் நம்பிராசன் வீட்டில் வளர்ந்தவள். மானின் மகளிடமே வந்து மானைப் பார்த்தாயா என்று கேட்கிறான். கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக் கதை தெரியும், அவள் சிரித்துவிடுகிறாள். மேடையில் நிற்கும் வள்ளி மட்டும் ஒன்றும் அறியாதவளாய்க் கவணைச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இடத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் வைத்த பாட்டு 'காயாத கானகத்தே'. காடு எப்படிப்பட்டது, மான் எப்படிப்பட்டது என்று நேராகச் சொல்லாமல் அது எதைச் செய்யாதது என்று சொல்லியே நகர்கிற பாட்டு. மேயவே மேயாத மான் ஒன்று உண்டென்றால் அதற்கு நாலு கால் இருக்க முடியாது என்பது கேட்பவனுக்குச் சட்டென்று பிடிபடும். பாராட்டு என்று தெரியாமலே பாராட்டு நடந்து முடிந்துவிடுகிறது. 1945-இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் இதைப் பாடி ஊரெல்லாம் பரப்பினார். 2017-இல் வந்த 'மேயாத மான்' படத்துக்குப் பெயர் கொடுத்ததும் இந்தப் பாட்டுதான். எழுதியவர் யாரென்று தெரியாத ஒரு தலைமுறையும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கியது.

எழுதியவர் எங்கள் ஊர்க்காரர். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். தகப்பனார் தாமோதரக் கணக்கப் பிள்ளை இராமாயணத்தில் கரைகண்டவர், மகனுக்குத் தமிழ் முதலில் அவரிடமிருந்து வந்தது. பிறகு வண்ணம் பாடுவதில் பேர்போன பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம். வண்ணம் படித்தவனுக்குச் சந்தம் தப்பாது. தாள நுட்பத்தைப் பின்னாளில் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையோடு இருந்து கரைத்துக் குடித்தார் என்பார்கள். இத்தனைக்கும் நடுவே அவர் பார்த்த உத்தியோகம் தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது! முத்துக்கும் சங்குக்கும் பேர் வாங்கிய கரையில் இருந்துகொண்டு, உப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்துநாலு வயதுவாக்கில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்குள் போனார்.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாத்தி கட்டுவதும் வரப்பு உயர்த்துவதும் தண்ணீர் பாய்ச்சுவதும் மனிதன் வேலை. உப்பு விளைவது வெயிலின் வேலை. சுவாமிகளின் நாடகங்களை நான் இப்படித்தான் பார்க்கிறேன். காட்சி வரிசை, பாட்டு, பாட்டின் மெட்டு, வசனத்தின் முதல் முடிச்சு எல்லாம் அவர் கட்டிய வரப்பு. நடுவில் தண்ணீரைத் தேக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். விளைவித்தவர்கள் பாடகர்கள்.

ஒதுங்கிக்கொண்டார் என்பது வெறும் பேச்சுக்கில்லை. தொடக்கத்தில் அவரே நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேடங்களே அவருக்கு வாய்த்தன. எமன் வேடத்தில் அவர் பாசக்கயிற்றோடு ஆர்ப்பரித்து வந்ததைக் கண்டு கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கருக் கலைந்துவிட்டதாகவும், அதோடு வேடம் கட்டுவதையே அவர் விட்டுவிட்டதாகவும் நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அதன்பிறகு எழுதுகிறவராக, வாத்தியாராக, சூத்திரதாரியாகவே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறவியாய்க் கோயில் கோயிலாகச் சுற்றியதில் 'சுவாமிகள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எழுதிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேல்.

1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் இருந்ததெல்லாம் பிள்ளைகள். பாய்ஸ் கம்பெனி என்று சொல்வோமே, அது. ஆறு வயதில் அங்கே போய்ச் சேர்ந்த டி.கே.சண்முகம், பிற்காலத்தில் அவ்வை சண்முகமாகி, 'எனது நாடக வாழ்க்கை' என்ற தம் நூலில் சுவாமிகளைப் பற்றி எழுதிய பக்கங்கள் தமிழில் ஆசிரியரைப் பற்றி மாணவன் எழுதியவற்றில் ஆகச் சிறந்தவை என்பது என் எண்ணம். சண்முகத்தை அபிமன்யுவாக மேடையேற்ற வேண்டும் என்ற ஆசையில் ஒரே இரவில் உட்கார்ந்து 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும், பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வைத்துவிட்டாராம். உப்புக் கணக்கு எழுதிப் பழகிய கை!

பாய்ஸ் கம்பெனிகளில் வள்ளியும் பையன், முருகனும் பையன், நாரதரும் பையன். மகரக்கட்டு உடைந்துவிட்டால் ராஜபார்ட் பையனின் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். சுவாமிகளின் பாட்டுகள் இன்றும் மேல்ஸ்தாயியில் போய் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்பதற்கு, அவை உடையாத தொண்டைகளுக்காக எழுதப்பட்டவை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ந்த ஆணும் பெண்ணும் அதே உயரத்துக்கு எட்டிப் பாடும்போது வருகிற அந்தச் சிரமத்தில் ஓர் அழகு இருக்கிறது. எட்டிவிட்டால் கொட்டகை அதிரும்.

எட்டியவர் எஸ்.ஜி.கிட்டப்பா. செங்கோட்டையில் 1906-இல் பிறந்து, சிறு பிள்ளையாகவே அண்ணன்மாரோடு சுவாமிகளின் சமரச சன்மார்க்க சபையில் மேடை ஏறியவர். மகரக்கட்டு உடைகிற வயதைத் தாண்டியும் அவர் குரல் கீழே வர மறுத்துவிட்டது. ஐந்து கட்டைக்கு மேலேயும் சிரமமில்லாமல் நின்றது. மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்தவனுக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேர வேண்டும். பழைய இசைத்தட்டுகளில் அவரைக் கேட்டால், சாகித்தியம் தொடங்குமுன் ஒரு பிருகா மின்னலாய் மேலே போய்த் திரும்பும். அந்த வேகத்தில் சுருதி ஒரு நூலிழைகூட விலகாது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு அடுத்த நொடி. அவ்வளவு தூரம் ஏறியவர் சொல்லுக்கு வரும்போது பேசுகிறவரைப் போல அமைதியாகிவிடுவார். ழகரமும் றகரமும் சிதையாது. தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் ஓடும். மேடையில் ரசிகர்கள் கேட்கக் கேட்க நீண்டுகொண்டே போன பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடக்கி வைத்திருக்கிறார்கள். நாம் கேட்பது மடிப்பை மட்டுமே.

அவருக்கு எதிரே வள்ளியாக நின்றவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். 1926-இல் கொழும்பில் இருவரும் முதன்முதல் ஜோடி சேர்ந்தார்கள். தூத்துக்குடியிலிருந்தும் தனுஷ்கோடியிலிருந்தும் இலங்கைக்குக் கப்பல் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. தமிழ் நாடகக்காரர்களுக்குக் கொழும்பு மற்றொரு மதுரையாகவே இருந்தது. கிட்டப்பாவுக்கு எதிரே நின்றால் உன் பாட்டு எடுபடாது என்று சுந்தராம்பாளைப் பலர் தடுத்ததாகச் சொல்வார்கள். அவர் பயப்படவில்லை. பயப்பட வேண்டிய குரலும் அல்ல அது. கிட்டப்பாவின் குரல் வளைந்து நெளிந்து ஏறும் இடத்துக்குச் சுந்தராம்பாளின் குரல் நேர்க்கோடாகப் போய் நிற்கும். வேடனுக்கும் வேடர் மகளுக்கும் நடக்கிற வாக்குவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இரண்டு குரல்களை சுவாமிகளே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அவர் 1922-இலேயே புதுச்சேரியில் காலமாகிவிட்டார். பக்கவாதத்தில் பேச்சு குழறிய நிலையிலும் சபையோடு ஊர் ஊராகப் போனவர், தம் வள்ளிக்கும் வேலனுக்கும் கிடைத்த இந்த ஜோடியைப் பார்க்கவே இல்லை.

கிட்டப்பா 1933 டிசம்பரில் போனார், வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. மேடையில் மட்டுமல்லாமல் வாழ்க்கையிலும் ஜோடியாயிருந்தவரை இழந்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். சினிமாவுக்கு வந்தபோது நந்தனாராக வந்தார், பிறகு அவ்வையாராக. அந்த வள்ளி முடிந்துபோனாள்.

சினிமா தூக்கிக்கொண்டு போன இன்னொரு ஜோடியும் உண்டு. சுவாமிகளின் 'பவளக்கொடி'யில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் மேடையில் பாடி நடித்ததைப் பார்த்த கே.சுப்பிரமணியம், அதே இருவரையும் வைத்து 1934-இல் படமெடுத்தார். ஐம்பது பாட்டு வரை இருந்த படம். பிள்ளை விளையாடப் பவளத்தேர் கேட்டான் என்று அருச்சுனன் பவளம் தேடிப் போன கதையை முத்துக்கரைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை. ஆனால் நாடகமாக அது வள்ளிக்கு ஈடில்லை. பவளக்கொடியில் எதிர்த்துப் பேச ஆளில்லை.

வள்ளி பேசுவாள். தர்க்கம் என்று நாடகக்காரர்கள் சொல்லும் அந்தக் காட்சிக்காகத்தான் எங்கள் கரிசல் பக்கத்து ஊர்களில், விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரத்தில், பங்குனிப் பொங்கலுக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். நோட்டீஸில் வட்டத்துக்குள் போட்ட போட்டோவாகச் சேர்ந்திருப்பவர்கள் பல நேரம் அன்று இரவுதான் மேடைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை இல்லை. சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அது தேவைப்படுவதில்லை.

வள்ளியின் வருகையைக் கவனிக்க வேண்டும். முதலில் குரல் வரும். திரைக்குள்ளிருந்து ஆலோலம். பறவைகளை விரட்டுகிற கூப்பாட்டையே இராகமாக்கிய துணிச்சல் அது. விரட்டும் சொல்லை இப்படிப் பாடினால் எந்தக் குருவி பறந்து போகும், கிட்டே அல்லவா வரும் என்று நான் நினைப்பதுண்டு. அடுத்து வருகிறார் நாரதர், முருகனுக்காகத் தூது. அவர் சும்மா வந்து புகழ்ந்துவிட்டுப் போவதில்லை. பெண் பெரியவளா ஆண் பெரியவனா, இல்லறமா துறவறமா என்று எங்கெங்கோ இழுப்பார். வள்ளி விடமாட்டாள். திருக்குறளும் சித்தர் பாடலும் எதிரெதிராகப் பறக்கும். ஆர்மோனியக்காரர் இடையில் புகுந்து நாரதர் பக்கம் கொஞ்சம் சாய்வார், மிருதங்கக்காரர் வள்ளிக்கு ஒரு தீர்மானம் வைத்துக் கொடுப்பார். அங்கே சுவாமிகளின் வசனம் அரைப்பங்குகூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு சுற்றுப் பேச்சும் முடிந்து அவருடைய பாட்டின் பல்லவிக்கே வந்து சேர்ந்தாக வேண்டும். அந்தப் பல்லவி அதற்குத் தோதாகவே, எந்த வாதத்தின் முடிவிலும் பொருந்துகிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. இதைத்தான் நான் அவருடைய பெரிய நயம் என்பேன். தனிச்சொல்லில் மயங்குகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

முருகன் வருவதற்குள் வள்ளி ஒரு முனிவரையே வாதத்தில் மடக்கியிருப்பாள். அதனால்தான் வேடன் வந்து மானைத் தேடும்போது காட்சிக்கு அவ்வளவு சுவை. இவளிடம் வாய்ச்சவடால் எடுபடாது என்பது சபைக்கு ஏற்கெனவே தெரியும். வேடனாகத் தோற்று, கிழவனாக வந்து, தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டு, அதிலும் காரியம் ஆகாமல் கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேவர்களின் சேனாதிபதிக்கு! ராஜபார்ட்காரருக்கும் இது சோதனை. கம்பீரமாகப் பாடிய அதே தொண்டையை நடுங்கவைத்துக் கிழக்குரலில் பேச வேண்டும், நடுக்கத்திலும் சுருதி சேர வேண்டும். நல்ல ராஜபார்ட் கிழவனாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல்லில் மட்டும் இளங்குரலை நழுவவிட்டு, சட்டென்று இருமி மறைப்பார். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு வரும்.

திருச்செந்தூரில் கோயிலுக்கு வடக்கே கடலை ஒட்டி வள்ளி குகை இருக்கிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வள்ளி தூரத்து மலையில் நடந்த கதை அல்ல, தைப்பூசத்துக்குப் போனால் பார்த்துவிட்டு வருகிற பெண். அவளுடைய தர்க்கத்தை இப்படி உரிமையோடு ரசிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான். மதுரையில் நாடக நடிகர்கள் ஆண்டுதோறும் குருபூசை நடத்துகிறார்கள். பங்குனியில் எங்கள் பக்கம் வந்தால் இதையெல்லாம் விடுத்து நேரே நாடகத் திடலுக்குப் போங்கள். ஒலிபெருக்கிக் குழாய்க்கு எதிரே உட்கார வேண்டாம், ஆர்மோனியத்துக்குப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். பத்து மணிக்குத் தொடங்கும் என்று போட்டிருந்தால் பதினொன்று ஆகும். பபூன் காமிக்கும் டான்ஸும் நீளும்; அது பிடிக்காதவர்கள் அங்கேயே ஒரு தூக்கம் போடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆலோலம் கேட்டதும் எழுப்பிவிடும்படி பக்கத்தில் இருக்கும் ஆச்சியிடம் சொல்லி வையுங்கள். எழுப்பிவிடுவார்கள்; நாரதர் இன்றைக்கு எந்த ஊர்க்காரர், போன வருசம் வந்தவர் எப்படித் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.