அழிக்காமல் திருத்தும் அழகு

2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருளில் ரசிக்கத்தக்கது அதன் 'ரிவர்ட்' கட்டளை. தவறான கமிட்டை, அதாவது பதிந்த மாற்றத்தை, அது அழிப்பதில்லை. நேரெதிர் மாற்றத்தைப் புதிய கமிட்டாக மேலே சேர்க்கிறது, நல்ல கணக்குப்பிள்ளை பேரேட்டைச் சுரண்டாமல் எதிர்ப்பதிவு போடுவதுபோல. பிழையும் திருத்தமும் பெயர், தேதியோடு வரலாற்றில் நிற்பதால், ஏன் மாறியது என்பதைப் பின்னால் வருபவரும் அறியலாம். ஒரு கோப்பு மட்டும் பழையபடி வேண்டுமா? பழைய கமிட்டைச் சுட்டி 'ரிஸ்டோர்' கொடுத்தால் போதும், மற்றவை அசையாது.

இப்படியே போனால் குப்பை சேருமே என்பார்கள். மாறாத கோப்பை கிட் மறுபடி சேமிப்பதில்லை. முன்பு சேமித்ததையே சுட்டுகிறது. பதியாமல் விட்டதை மீட்க முடியாது என்பது நியாயமான குறைதான். ஆனால் காரணம் எழுதி, சிறுசிறு கமிட்டுகளாகப் பதிபவருக்கு அந்தப் பயம் குறைவு. துணிந்து மாற்றிப் பார்க்கலாம்.