நோய்ப்பெயரும் தாய்ப்பெயரும்: மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல்

இந்தியில் பெரியம்மை ‘படீ மாதா’, சின்னம்மை ‘சோட்டீ மாதா’ என வழங்கும். வங்காளத்தில் அம்மை கண்டால் ‘மாயேர் தயா’, அதாவது தாயின் அருள், என்பர். இவற்றை வெறும் மங்கல வழக்காகக் கொள்வது பொருந்தாது. அம்மைக்குரிய தெய்வமாகிய சீதளாவின் பெயர் ‘குளிர்ந்தவள்’ எனப் பொருள்படும். வடஇந்தியாவில் அவளுக்கு முன்னாள் சமைத்த ஆறிய உணவு படைப்பதும், நோயுற்றவரருகே வேப்பிலை வைப்பதும் அப்பொருளையே செயலில் காட்டுகின்றன. இங்கு நோய் பகையன்று, தாயின் வருகை. ஆகவே அதனை விரட்டாது குளிர்வித்து வழியனுப்புவர்.

‘மாதா’ என்பதைப் ‘பெரியம்மை நோய்’ எனப் பெயர்ப்பதில் இரு பிழைகள் நேர்கின்றன. ஒன்று காலப்பிழை: 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை, 1980இல் அது உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ‘மாதா’ என்னும் சொல்லோ இன்றும் சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் வழங்குகிறது. மற்றது இதனினும் பெரிது: நோயென்று சொல்ல அஞ்சும் தாயின் வாயில் அச்சொல்லையே இட்டுவிடுகிறோம்.

தாயையும் நோயையும் ஒருங்கே குறிக்கும் ‘அம்மை’ தமிழில் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அதனைத் தனித்தே நிறுத்தலாம். மருத்துவப் பெயருக்கு அடிக்குறிப்பு போதும்.