வெஸ்ட் போட்ட சதவீதம்

ஆங்கிலச் சொற்பட்டியல் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது சின்னச் சொற்களைத்தான்: ‘கெட்’, ‘டர்ன்’, ‘கேஸ்’, ‘ஃபைன்’. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று யாரும் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. ஆனால் ‘ஃபைன்’ என்பதற்கு தொடக்கப் படியான ஏ1 என்று முத்திரை குத்திவிட்டு, அபராதம் என்ற பொருளிலும் அதே முத்திரையை ஓடவிட்டிருந்தால் அந்தப் பட்டியலை அங்கேயே மூடிவிடுவேன்.

இந்தப் பிடிவாதம் மைக்கேல் வெஸ்ட்டிடமிருந்து எனக்குத் தொற்றியது. 1953இல் வெளிவந்த அவருடைய ‘ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’டில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள். அதை வெறும் பட்டியலாக மட்டும் அறிந்தவர்கள், சொற்களை உருவி எடுத்து அச்சிட்ட சுருக்கத்தைப் பார்த்தவர்கள். மூலத்தைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பொருள்கள் பிரிந்து நிற்கும். எதிரே சதவீதம் இருக்கும். 50 லட்சம் சொற்கள் கொண்ட உரைத்தொகுப்பில் அந்தச் சொல் எத்தனை முறை வந்தது, அதில் இந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பது கண்முன் தெரியும். வழிச்சொற்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. தார்ண்டைக்கும் லார்ஜும் நடத்திய பொருள்வாரி எண்ணிக்கையில் விளைந்தது அது. கணினி இல்லாத 1930களில் ஆட்கள் உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாகப் படித்து, இந்த இடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் எந்தப் பொருள் என்று தீர்மானித்துக் குறித்தார்கள். அந்தப் பக்கங்களை இன்றும் நான் கதை படிப்பதுபோல் படிக்கிறேன்.

வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலில் திணறுவதை அருகிலிருந்து பார்த்தார். புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று கண்டு, அரிய சொற்களை எடுத்துவிட்டு, மிஞ்சியவற்றை இடைவெளி விட்டுப் பரப்பித் தம் வாசக நூல்களை எழுதினார். எண்ணிக்கைக்கு அவர் அடிமையாகாததற்கு இந்த அனுபவம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கற்க எளிதா, தவிர்க்க முடியாததா, வேறு சொல் அந்த இடத்தை நிரப்புமா, உணர்ச்சி மிகுந்த சொல்லா என்றெல்லாம் கேட்டுத்தான் ஒரு சொல்லைச் சேர்த்தார்.

ஆங்கிலத்தை 850 சொற்களுக்குள் சுருக்கிய ஆக்டனின் ‘பேசிக் இங்கிலீஷ்’தான் அழகு என்பவர்கள் என் நண்பர்களிலும் உண்டு. வினைச்சொற்களைக் கைவிரல் கால்விரலுக்குள் அடக்கியது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘புட்’, ‘அப்’, ‘வித்’ மூன்றும் அதில் உள்ள எளிய சொற்கள். மூன்றும் ஒன்றுசேர்ந்து ‘சகித்துக்கொள்’ என்று ஆகும்போது அதை எந்தப் படியில் வைப்பது? சுமை குறையவில்லை, தோள் மாறியது. 1934இலேயே வெஸ்ட்டும் உடனிருந்தவர்களும் பேசிக்கை விரிவாக விமர்சித்து எழுதினார்கள். இதே சிக்கலை நானும் கண்டேன்: பாடம் நடத்திய காலத்தில், ‘எளிது’ என்று குறிக்கப்பட்ட ஒரு பாடத்தில் கூட்டம் ‘கால்டு ஆஃப்’ (ரத்து) ஆனதாக ஒரு வரி வந்தது. கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள் என்றே வகுப்பு முழுக்கப் புரிந்துகொண்டது. பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெஸ்ட் பட்டியல் பழசு என்பது நியாயமான குறை. தொலைக்காட்சிக்கே அதில் இடமில்லை. 2013இல் இரண்டு புதிய பட்டியல்கள் வந்தன. பிரவுன் குழுவினர் 27 கோடிச் சொற்களுக்கு மேலும், பிரெசினாவும் காப்லசோவாவும் 1,200 கோடிக்கு மேலும் அலசினார்கள். அடேயப்பா என்று ஆவலோடு போய்ப் பார்த்தால், பொருள்வாரிச் சதவீதம் மட்டும் காணோம். 50 லட்சத்தில் கிடைத்தது 1,200 கோடியில் கிடைக்கவில்லை.

ஆறுதல் தருவது கேம்பிரிட்ஜின் ‘இங்கிலீஷ் வொகேபுலரி ப்ரொஃபைல்’. ஒரே சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் படி. அதுவும் கற்பவர்கள் உண்மையில் எழுதியதைப் பார்த்து இட்டது. வெஸ்ட்டின் வாரிசு என்று அதைத்தான் சொல்வேன். ஆனாலும் எழுதத் தெரிந்ததை வைத்துப் படிக்கத் தெரிந்ததை அளந்துவிட முடியாது. நார்பர்ட் ஷ்மிட் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, சொற்கள் கற்பவருக்கு நிஜமாகவே தெரியுமா என்று சோதித்தது. தாய்மொழியைப் பொறுத்து வரிசை மாறுகிறது என்றும் காட்டியது. தமிழ்ப் பிள்ளைக்கு ‘பஞ்சர்’ கற்றுத்தர வேண்டியதில்லை, எழுத்துக்கூட்டல் போதும். ‘ஈவன்’ என்ற சொல்லோ பல வருடம் படுத்தும்.

இப்போதைய பாடநூல்காரர்கள் பலர் பத்தியை மென்பொருளில் ஒட்டுகிறார்கள். அது சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்து, படிக்கேற்ப நிறம் பூசுகிறது. பச்சை தெரிந்தால் அச்சுக்குப் போகிறது. ‘கேஸ்’ என்பது பெட்டியா, வழக்கா, நோயாளியா என்று நின்று பார்க்க ஆளில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பொருள்வாரியாகப் படியிட்ட பட்டியல் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. பத்து ஆசிரியர்கள் சேர்ந்தால் போதும். நூறு சொற்களோடு தொடங்கலாம். ‘கெட்’டுக்கு மட்டும் தனியாக ஒரு மாதம் ஒதுக்க வேண்டும்.