மீட்பு என்பது காத்திருப்பதா?

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஒரே நம்பிக்கைக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. சீர்திருத்தச் சபைகளின் மேடைகளில் ஒலிப்பது ‘இரட்சிப்பு’. கத்தோலிக்கர்களிடமும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் பரவலாக இருப்பது ‘மீட்பு’. இரட்சிப்பு என்றதும் மேலே இருக்கும் ஒருவர் கீழே இருக்கும் ஒருவரைக் காப்பாற்றும் காட்சிதான் மனதில் எழுகிறது. மீட்பு அப்படியல்ல. அடகுக் கடையில் வைத்த தோட்டைத் திருப்பி எடுத்த எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மீட்கப்படுவது ஏற்கெனவே அவளுடையதாக இருந்தது. யாரோ கைப்பற்றி வைத்திருந்தார்கள். இப்போது அது திரும்பி வருகிறது.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை வைத்துக்கொண்டு, நம் ஊர்களில் பெண்களை நோக்கிச் செய்யப்படும் பிரசங்கத்தை வாசித்துப் பார்க்கலாம். உண்மையுள்ள பிரசங்கம் எது என்று சபைகள் அடிக்கடி கேட்டுக்கொள்கின்றன. வசனத்தை மாற்றாமல் சொல்வது, பணத்துக்காகச் சொல்லாமல் இருப்பது, மனிதரைப் பிரியப்படுத்தாமல் பேசுவது என்று பதில்களும் வைத்திருக்கின்றன. யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள், கேட்டவள் வீட்டுக்குப் போனபின் அந்தச் சொல் அவளுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விகள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

பவானி மீட்பைப் பற்றிப் புதிதாகக் கேள்விப்பட வேண்டிய ஊரல்ல. காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறைக்கு இறந்தவர்களின் கரையேற்றத்துக்காக எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். ஆடி அமாவாசையில் படித்துறையில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். தண்ணீருக்குள் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடுகிறவர் பெரும்பாலும் மகன். சமைத்து, பொருள்களைக் கட்டி, பஸ் ஏறி வந்த பெண்கள் கரையில் நிற்பார்கள். கரையேற்றுகிற உரிமை ஆணுக்கு, அதற்கான உழைப்பு பெண்ணுக்கு. இதற்கு மாற்றாக வந்த மதம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கிறிஸ்தவம் இந்தப் பங்கீட்டை எந்த அளவுக்கு மாற்றியது என்று கேட்பது நியாயம்தானே.

கொங்கு நாட்டில் லண்டன் மிஷனரி சங்கத்தின் பணி 1830இல் கோயம்புத்தூரில் அடிஸ் என்பவரோடு தொடங்கியது. ஈரோடு பின்னால் அதன் முக்கியமான மையமானது. ஈரோட்டில் இருந்த பாப்ளி கர்நாடக இசையைக் கற்று, கதாகாலட்சேப வடிவத்தில் சுவிசேஷம் சொல்வதை ஊக்குவித்தவர். 1914இல் இசைவழிச் சுவிசேஷப் பணிக்கென்றே ஒரு கைநூலை இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்டார். குறளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. ஈரோட்டின் பிரப் நினைவு ஆலயம் இன்னொரு மிஷனரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவர்கள் செய்த வேலையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டடங்களிலும் புத்தகங்களிலும் நிலைத்தவை ஆண்களின் பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் வீட்டுக்குள் போய்ப் பேசியவர்கள் யார்? ‘பைபிள் உமன்’ என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்கள். பலர் விதவைகள். ஆண் மிஷனரி நுழைய முடியாத அடுக்களைக்கும் திண்ணைக்கும் நடந்தே போனார்கள். எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், கதை சொன்னார்கள், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பெண்களைப் பற்றி எலைசா கென்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தப் பெண்களின் உழைப்பை விரிவாகப் பேசுகிறது. வீட்டைவிட்டு வெளியே நடப்பதே ஒழுக்கக்கேடாகப் பார்க்கப்பட்ட காலத்தில் அவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். அவர்கள் செய்தது பிரசங்கம்தான். ஆனால் அதற்கு ‘சொல்லிக்கொடுப்பது’ என்றும் ‘வீடு சந்திப்பு’ என்றும் பெயர் வைத்தார்கள்.

பெயர் வைப்பதில் உள்ள இந்தத் தந்திரம் பவானிக்காரர்களுக்குப் பழக்கமானது. ஜமக்காளத் தறி உள்ள வீடுகளில் தார் சுற்றுவது, நூல் பிரிப்பது, தறியிலேயே உட்கார்ந்து நெய்வது என்று எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பல வீடுகளில் அவர் நெசவாளி, இவள் ‘கூடமாட ஒத்தாசை’. சபையிலும் இதேதான். ஆண் மேடையில் நின்று பேசினால் பிரசங்கம், பெண் அதே மேடைக்குக் கீழே நின்று பேசினால் சாட்சி. சாட்சிக்கு ஐந்து நிமிடம், அழுதுகொண்டே சொல்லலாம், தன் கஷ்டத்தைச் சொல்லலாம். அந்தக் கஷ்டத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் அதிகாரம் அடுத்து மைக்கைப் பிடிக்கிறவருக்கு.

பாளையங்கோட்டைக்குப் போனால் இந்தக் கதையின் தொடக்கமே வேறாக இருப்பதைப் பார்க்கலாம். மராத்தியப் பிராமண விதவையான குளோரிந்தா ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி முதலில் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்த சுவார்ட்ஸ் ஐயர், அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் முதல் பெயர் குளோரிந்தாவுடையது. 1785இல் அங்கே பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அவர் முயற்சியில் எழுந்தது. திருநெல்வேலியின் பெரிய சபை வரலாறு, மேடை மறுக்கப்பட்ட ஒரு பெண் கூட்டிச் சேர்த்த மக்களிடமிருந்து தொடங்குகிறது. மாதவையா 1915இல் அவரை ஆங்கில நாவலாக்கினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேடைகளில் அவர் பெயர் எத்தனை முறை வருகிறது?

இனி, மேடையில் வரும் பெண்களைப் பார்ப்போம். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஐந்து கணவர் என்றதும் பிரசங்கியாரின் குரல் மாறும். ‘அப்படிப்பட்ட’ பெண்ணையும் ஆண்டவர் மன்னித்தார் என்பார். யோவான் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அவளைப் பாவி என்று இயேசு சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மணவிலக்கு ஆணின் கையில் இருந்த சமூகம் அது. ஐந்து பேர் இறந்திருக்கலாம், தள்ளிவிட்டிருக்கலாம். அந்த உரையாடலில் அவள் வழிபாட்டு இடத்தைப் பற்றி இறையியல் கேள்வி கேட்கிறாள். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லையே, என்னிடம் எப்படித் தண்ணீர் கேட்கிறாய் என்கிறாள். இரட்டைக் குவளையைப் பார்த்த கொங்கு நாட்டில் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு வருடம் பிரசங்கிக்கலாம். கடைசியில் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் போய்ச் சொல்கிறாள். அவள் சொல்லைக் கேட்டு ஊரார் பலர் நம்பினார்கள் என்று அந்த அதிகாரமே பதிவு செய்கிறது. பிரசங்கியார் அவளுடைய கணவர்களை எண்ணிய நேரத்தில் அவளுடைய கேட்பாளர்களை எண்ண மறந்துவிட்டார்.

மகதலேனா மரியாளுக்கும் இதுவே நடந்தது. நான்கு சுவிசேஷங்களில் ஒன்றும் அவரை வேசி என்று சொல்லவில்லை. வேறு வேறு பெண்களை ஒருவராகக் கலந்தது ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் கிரகோரி செய்த ஒரு பிரசங்கம். கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் வழிபாட்டு நாள்காட்டியில் அதைச் சரிசெய்தது. 2016இல் அவர் நினைவுநாளை அப்போஸ்தலர்களுக்கு உரிய விழா நிலைக்கு உயர்த்தியது. உயிர்த்தெழுதலை முதலில் அறிவிக்க அனுப்பப்பட்டவர் இவர். அதாவது சபை சொல்லும் நம்பிக்கையின் மையச் செய்தியே முதலில் ஒரு பெண் வாயிலிருந்து வந்தது. அதைக் கேட்ட ஆண்கள் வீண்பேச்சு என்று தள்ளினார்கள் என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்பார்கள். கொரிந்தியருக்கு எழுதிய அதே முதல் நிருபத்தில், மூன்று அதிகாரங்களுக்கு முன், ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவரே சொல்கிறார். பேசாதவளுக்கு எதற்கு அந்த விதி? ரோமரின் கடைசி அதிகாரத்தில் பெபேயாளை அவர் அறிமுகப்படுத்தும் கிரேக்கச் சொல், வேறு இடங்களில் ஆண்களுக்கும் தன் பணிக்கும் அவர் பயன்படுத்தும் அதே சொல். முரண் தெரிந்தும் ஒரு வசனத்தை மட்டும் எடுத்து மேடையில் வைப்பது, வசனத்துக்கு உண்மையாக இருப்பதாகாது.

இவ்வளவும் வாசிப்புப் பிழை மட்டும் என்றால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. அந்தப் பிழைக்கு உடம்பில் விலை இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு வாழும் பெண் உபவாச ஜெபத்துக்கு வருகிறாள். அவளுக்குக் கிடைப்பது பேதுருவின் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். மனைவியின் அமைதியான நடத்தையால் கணவன் ஆதாயமாக்கப்படுவான், பொறுத்திரு, ஜெபி, அவன் இரட்சிக்கப்படுவான். அவளுடைய உடம்பு அவனுடைய இரட்சிப்புக்கான கருவியாகிவிடுகிறது. அவளுடைய மீட்பு எங்கே? அதே நிருபத்தில் அதற்குச் சற்று முன்னால் அடிமைகள் முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி இருக்கிறது. கொங்கு நாட்டுச் சபைகளுக்கு வந்தவர்களில் கணிசமானோர் தலித் மக்கள். அவர்களிடம் போய் அந்தப் பகுதியைப் பண்ணையாருக்குக் கீழ்ப்படியும் கட்டளையாக இன்று எந்தப் போதகரும் சொல்லத் துணியமாட்டார். காலம் மாறியது, அது அன்றைய ரோமச் சூழல் என்று விளக்குவார். அடுத்த பத்தியில் மனைவி வரும்போது மட்டும் காலம் நின்றுவிடுவது ஏன்?

சட்டமும் நெடுங்காலம் இதே பிரசங்கத்தைச் செய்தது. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றைக் காட்டினாலே கிறிஸ்தவக் கணவனுக்கு மணமுறிவு கிடைக்கும். மனைவியோ பொதுவாக அதோடு கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும். அடி மட்டும் போதாது. 2001இல்தான் அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. 132 ஆண்டுகள் பொறுமை சட்டமாகவே இருந்தது.

சபையை வெளியிலிருந்து எதிர்க்கிறவர்கள் பெண்ணை மேலாக மதித்தார்களா என்றால், அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்டு, 2004இல் கைவிடப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய். வளர்ந்த பெண் குழந்தையோடு ஒரே வரியில் வைக்கப்பட்டாள். அவள் யோசித்து ஒரு கடவுளைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று சட்டம் நம்பவில்லை. அவள் யோசித்து ஒரு கடவுளைப் பற்றிப் பேச முடியும் என்று பீடம் நம்பவில்லை. இரண்டு பகையாளிகள் ஒத்துப்போகும் ஒரே இடம் இதுதான்.

பெண்கள் ஏன் பிறகும் போகிறார்கள்? ஏமாளிகள் என்பதால் அல்ல. உபவாச ஜெபம் என்பது பல பெண்களுக்கு வீட்டைவிட்டு ஒரு பகல் முழுதும் வெளியே இருக்கக் கிடைக்கும் ஒரே காரணம். அங்கே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவள் கஷ்டத்துக்கு இன்னொருத்தி அழுகிறாள். சாதிப் பெயரால் மட்டும் அழைக்கப்பட்டவளுக்கு, கடவுளின் மகள் என்ற சொல் அற்பமானதல்ல. நம்பிக்கையை அபின் என்று ஒதுக்கிவிட்டுப் போகும் விமர்சனம் இந்தப் பெண்களைப் பார்க்கவே இல்லை. பாமா ‘கருக்கு’ (1992) நூலில் சபையை அவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்டது, இயேசுவிடம் வேறொன்று இருப்பதை அவர் கண்டதால்தான். பணிவை மட்டும் போதித்து நீதியை மறைத்தார்கள் என்பதே அங்கே குற்றச்சாட்டு.

தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல். அதன் முதல் பெண் பேராயராக புஷ்பா லலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். 66 ஆண்டுகள். அந்தக் கதவு திறந்தது பெரிய விஷயம். ஆனால் பீடத்தில் ஒரு பெண் ஏறி, அதே சமாரியப் பெண்ணின் கணவர்களை எண்ணினால் கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்றும் மாறாது. எனவே ஆள் மாறுவதோடு வாசிப்பும் மாற வேண்டும். இதைச் சோதிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலேயே கேட்கலாம்: இன்று கேட்ட பிரசங்கத்தில் பெண் வந்தாளா? வந்தவள் பேசினாளா, அவளைப் பற்றி மட்டும் பேசப்பட்டதா? அடிவாங்குகிறவளுக்கு இன்று இரவுக்கான வழி ஏதாவது சொல்லப்பட்டதா, பரலோகத்துக்கான வழி மட்டுமா? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி எந்த ஞாயிற்றுக்கிழமையாவது அறிவிப்பு வாசிக்கப்பட்டதா?

அடகு வைத்ததை மீட்கப் போகிறவள் கடைவாசலில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு இருப்பதில்லை. சீட்டை நீட்டி, என்னுடையதைக் கொடு என்கிறாள். மீட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவளிடம் அந்தச் சீட்டைக் கொடுக்கிறார்களா, இன்னும் கொஞ்ச நாள் பொறு என்கிறார்களா என்பதை வைத்துத்தான் பிரசங்கத்தின் உண்மையை நாம் அளக்க வேண்டும்.