மலிவுக் காட்சி நாவல்களும் தரமதிப்பீட்டுப் பிரச்சினையும்

யப்பானில் 'காட்சி நாவல்' என வழங்கும் கணினிப் புனைவுகளுள், வயதுவந்தோருக்கென மலிவாகத் தயாரிக்கப்படுவனவற்றை முற்போக்கு விமர்சகர் பலர் நச்சிலக்கியம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். அவர்களது சினம் நியாயமானதே. ஆயின் சினம் விமர்சனமாகிவிடாது. ஒரு படைப்பு எத்தகைய உற்பத்திச் சூழலில் தோன்றிற்று, அச்சூழல் அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் எவ்வாறு பாதித்தது என வினவாமல் அதன் தரத்தை நிர்ணயித்தல் இயலாது.

1996இல் 'ஷிசுகு'வை வெளியிட்ட லீஃப் நிறுவனமே இப்பெயரை நிலைநிறுத்திற்று. அசையாப் பின்னணிப் படம், அதன்முன் நிற்கும் பாத்திர உருவம், திரைமீது விரியும் உரைநடை, வாசகர் தெரிந்தெடுக்கும் கிளைவழிகள்: வடிவம் இவ்வளவே. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் டோக்கியோவின் கொமிக்கெட் விற்பனைக் கூடலில் வெளிவந்த 'சுகிஹிமே' இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. பள்ளிக்கால நண்பர்களான நாசு கினோகோ எழுத, தாக்கேஉச்சி தக்காஷி வரைய, சிறு குழுவொன்று அதனைத் தயாரித்தது. குரல்நடிப்பு இல்லை. ஒரே அறையும் ஒரே தெருவும் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. படம் காட்டமாட்டாத அச்சத்தையும் தயக்கத்தையும் உரைநடையே சுமக்கவேண்டியதாகிறது. நாசுவின் நடை அளவறியாதது. வெட்டத்தக்க பக்கங்கள் பல. எனினும் பெருமுதலிட்ட படைப்புகளில் காட்சிப் பகட்டு மூடிமறைக்கும் எழுத்தின் பலவீனம் இங்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இதன் முரண்பாடு கொஹாக்கு என்னும் பணிப்பெண்ணின் கதையிலே கூர்மையடைகிறது. செல்வக் குடும்பமொன்றின் தலைவனால் சிறுவயதிலேயே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டவள் அவள். உணர்ச்சியற்ற பாவைபோல் தன்னை ஆக்கிக்கொண்டு, புன்னகை மாறாமல் அக்குடும்பத்தின் அழிவைத் திட்டமிடுகிறாள். வீட்டுக்குள் மறைந்துகிடக்கும் வர்க்க ஒடுக்குமுறை இங்கு பாலியல் வடிவில் வெளிப்படுகிறது. ஆயின் அக்கொடுமையைக் கண்டிக்கும் அதே பொதி, பாலியற் காட்சிகளையே விற்பனைச் சரக்காகவும் கொண்டுள்ளது. கண்டனமும் பண்டமும் ஒரே உறையில் விற்கப்படுகின்றன. நாசு இம்முரண்பாட்டை உணர்ந்தே எழுதினார் எனக் கொள்வதற்குப் படைப்பில் ஆதாரமில்லை.

அசுமா ஹிரோகி 2001இல் வெளியிட்ட நூலில், இத்தகைய புனைவுகளின் நுகர்வோர் கதைக்கூறுகளின் தரவுக் களஞ்சியமொன்றையே நுகர்கின்றனர் என்றார். பெண்பாத்திரங்கள் ஆளுக்கொரு கிளைவழியாக, கடையில் அடுக்கிய பொருள்கள்போல் அமைவதை நோக்குமிடத்து இக்கூற்றை எளிதில் மறுத்தல் இயலாது. ஆயின் அவர் நுகர்வையே கண்டார், உற்பத்தியை உசாவவில்லை. ஒரு வழியிலே மீட்கப்படும் கொஹாக்கு இன்னொரு வழியிலே தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். தெரிவுக்கு விலையுண்டு என்பதை வாசகர் தம் கையாலேயே அறியும் இத்தருணத்தைக் களஞ்சியக் கோட்பாடு விளக்கமாட்டாது.

2021இல் புத்தாக்கம் பெற்ற 'சுகிஹிமே'யின் முதற்பகுதி பாலியற் காட்சிகள் இன்றி வெளிவந்தது. அவை நீங்கியும் படைப்பு நின்றது, ஆகவே அவை ஒட்டுச்சரக்கே என வாதிடுவோர் உளர். புதிதாக வரைந்து, குரலும் சேர்த்து, பெருஞ்செலவில் உருவானதைப் பழைய வறிய ஆக்கத்துக்குச் சான்றாக்குவது பொருந்தாது. அன்றியும், கொஹாக்குவின் கதை அப்பகுதியில் இடம்பெறவேயில்லை.