சாமி மேடைப் படங்களில் ஆழத்தை ரசிப்பது எப்படி?

தாளில் அச்சான படத்துக்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு. ஆழத்தைச் சேர்ப்பது பார்ப்பவரின் மூளை. நேரில் பார்க்கும்போது இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட காட்சிகள் கிடைக்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தூரத்தை அறிவதை 1838இல் விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். படத்தில் இரு கண்களுக்கும் ஒரே காட்சிதான். அங்கே மூளை வேறு தடயங்களைப் பிடித்துக்கொள்கிறது.

அந்தத் தடயங்களைக் கற்க, பால்மரக்காட்டின், அதாவது ரப்பர் தோட்டத்தின், பழைய புகைப்படம் ஒன்று போதும். இரு மர நிரைகளுக்கு நடுவே நின்று எடுத்த படத்தில், இணையான நிரைகள் நெருங்கிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் கூடும். சமதரையில் அந்தப் புள்ளி கேமரா இருந்த உயரத்திலேயே அமையும். முன் மரத்தில் தெளிவாகத் தெரியும், பால் பிடிக்கும் மங்கு, போகப்போகச் சிறுத்து வெறும் புள்ளியாகிவிடும். முன் மரம் பின் மரத்தை மறைக்கும்; காலைப் பனியில் தூரத்து மரங்கள் வெளிறும்.

இந்தப் பழக்கத்தோடு வீட்டுச் சாமி மேடைக்கு வர வேண்டும். ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் சாமி படங்கள் எளிய வீடுகளுக்கும் வந்தன. பிறகு கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாகப் பரவின. கொண்டையராஜு நாடகத் திரைச்சீலைகள் வரைந்தவர். மேடையின் சில அடி ஆழத்தில் பெரிய அரண்மனையைக் காட்டுவது அந்தத் தொழிலின் அடிப்படை.

இவ்வகைப் படங்களில் பின்னணியும் தெய்வமும் வெவ்வேறு விதியில் இயங்குகின்றன. பின்னால் தூண்கள் சிறுக்கும், தரைக் கட்டங்கள் குவியும், மலைகள் நீலமாக வெளிறும். தெய்வமோ கிரீடம் முதல் பாதம் வரை ஒரே தெளிவோடு முன்னால் நிற்கும். நேரே நோக்கும்படி வரைந்த கண்கள், பக்தர் அறையின் எந்த மூலைக்கு நகர்ந்தாலும் அவரையே பார்ப்பதுபோல் இருக்கும். படம் தட்டையாக இருப்பதால்தான் இது நடக்கிறது. சிலை என்றால் பக்கவாட்டில் போனதும் பார்வை விலகிவிடும். ஆழத்தைப் பின்னணிக்குக் கொடுத்துப் பார்வையைத் தட்டையிலேயே நிறுத்திய இந்தத் தேர்வு, காலண்டர் படங்களை மலிவான கலை என்று ஒதுக்குவோர் கவனிக்கத் தவறும் நுட்பம்.

ஆழம் கூடித் தெரிய, வேறொரு தாளைக் குழல்போல் சுருட்டி, சட்டம் கண்ணில் படாதபடி ஒற்றைக் கண்ணால் பார்க்கலாம். படம் தட்டை என்று காட்டிக்கொடுக்கும் தடயங்கள் மறைந்ததும் மண்டபம் உள்வாங்கும்.

வெயில் படும் சுவரில் அச்சு மையின் மஞ்சளும் சிவப்பும் முதலில் மங்கும். படம் முழுதும் நீலமேறி, அருகும் தூரமும் ஒன்றாகிவிடும். பழைய சாமி படம் வைத்திருப்பவர்கள் அதை வெயில் படாத சுவருக்கு மாற்றிவிட வேண்டும்.