கரைந்துபோன மூவாயிரம் பவுண்ட்

ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படம், ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலைத் தழுவியது. இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் காதல் ஜோடிகளைத்தான் ஒப்பிடுவார்கள். எனக்கென்னவோ கதை கிளம்புகிற இடம்தான் முக்கியமாகப் படுகிறது. இரண்டிலும் ஒரு தாயும் மூன்று மகள்களும் வீட்டை இழப்பது உயிலால். ஆனால் அந்த உயிலுக்கும் இந்த உயிலுக்கும் நிறைய வித்தியாசம்.

படத்தில் பத்மா, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். அப்பா இறந்தபின் உயில் கிடைக்கிறது: சொத்து முழுக்க மகன் சுவாமிநாதனுக்கு. தன் பேச்சை மீறி மகள் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில் எப்போதோ எழுதியது. மாற்றி எழுத நினைத்திருந்தாலும் கடைசிக் காலத்தில் அவரால் பேச முடியவில்லை. ஆக, குற்றவாளி ஒரு பழைய கோபம். விதி என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

ஆஸ்டின் அப்படிக் கடக்க விடுவதில்லை. நாவலில், எஸ்டேட்டை வைத்திருந்த பெரியவர் அது கடைசியில் ஒரு நாலு வயசுப் பேரக்குழந்தையிடம் போய்ச் சேரும்படி எழுதிவிட்டுப் போகிறார். அந்தக் குழந்தையின் அப்பா ஜான். ஜானின் தந்தை சாகும்போது, இரண்டாம் தாரத்தையும் அவளுடைய மூன்று மகள்களையும் கவனித்துக்கொள்ளும்படி கேட்கிறார். ஜான் சரி என்கிறான். எவ்வளவு என்று ரெண்டு பேருமே சொல்லவில்லை. சாஃப்ட்வேர்க்காரர்களுக்குத் தெரியும், தேவையை எண்ணில் எழுதாமல் விட்டால் என்ன ஆகுமென்று.

இரண்டாம் அத்தியாயத்தில் அது ஆகிறது. ஜான் முதலில் தங்கைகளுக்கு ஆளுக்கு ஆயிரம், மொத்தம் 3,000 பவுண்ட் என்று நினைக்கிறான். மனைவி ஃபானி பேசப் பேச அது பாதியாகிறது. அப்புறம் சித்திக்கு வருஷத்துக்கு 100 பவுண்ட். அவள் ரொம்ப நாள் உயிரோடிருந்தால்? சரி, அவ்வப்போது 50. அவர்களிடம் உள்ள பத்தாயிரத்துக்கு வருஷம் 500 வட்டி வருமே, வண்டியா குதிரையா, என்ன செலவு? கடைசியில் மிஞ்சுவது, வீடு மாற உதவி, அப்பப்போ கொஞ்சம் மீன், வேட்டைக்கறி. அப்பா கேட்டது இவ்வளவுதான் என்று ஜான் நிம்மதியாகிவிடுகிறான்.

அண்ணிதான் வில்லி என்று இதை வாசிப்பது சுலபம்; நம் சீரியல்கள் பழக்கிய வாசிப்பு அது. ஃபானி ஒரு ரூபாயைக்கூட வலுக்கட்டாயமாகக் குறைக்கவில்லை. அவள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் ஜான் ஏற்கெனவே காத்திருக்கிறான்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். சொத்து அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகம் என்றால்? தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமானவர்களை விலக்கிவிட்டது. வளர்ந்த மகள்களின் தாயான பத்மா அந்த விலக்கில்தான் வருவார். அந்த விலக்கை நீக்கிய மத்தியத் திருத்தம் 2005-ல்தான் வந்தது. அதுவும் 2004 டிசம்பர் 20-க்கு முன் உயில்வழி முடிந்துவிட்டதைத் தொடாது. அதாவது பத்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே வழி, தம்பியின் மனசாட்சி.

ஆஸ்டினின் அத்தியாயம் தொடங்குவதே அந்த இடத்தில்தான். படம் அங்கே நிற்காமல் சென்னைக்கு ரயிலேற்றிவிடுகிறது. சுவாமிநாதன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, அதனால் அதைக் கரைக்கவும் வேண்டியதில்லை. என் கணக்கில் படத்தின் பெரிய நஷ்டம் இது.

ஏனென்றால், நம் ஊரில் கோபத்தில் எழுதிய உயிலைவிட அதிகம் நடப்பது இந்தக் கரைப்புதான். "அவளுக்குத்தான் அப்பவே நகை போட்டாச்சே", "மாப்பிள்ளை நல்லா சம்பாதிக்கிறார்", "பொங்கச்சீர் தவறாம கொடுக்கிறோம்ல". ஒவ்வொரு வரியும் நியாயமாகவே ஒலிக்கும். கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரு சண்டையும் நடந்திருக்காது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து நாவலுக்குத் தெரிந்த இந்த வீடு, காரைக்குடியில் எடுத்த படத்துக்குத் தெரியவில்லை.